குழலை முதலில் அளந்து பாருங்கள்



நம் காவல் நிலையங்களில் ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கி என்றால் எல்லோருக்கும் தெரியும். அது சேர்ந்த லீ-என்ஃபீல்டு குடும்பத்தின் கனடாக் கிளையைப் பற்றிய கட்டுரை இந்த இதழில் வருகிறது. டொராண்டோவுக்கு மேற்கே லாங் பிராஞ்ச் ஆலையில், 1941 முதல் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ‘நம்பர் 4’ துப்பாக்கிகள் உருவாயின. போர் உச்சத்தில் இருந்தபோது அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

போர் முடிந்ததும் ராணுவத்துக்கு மிஞ்சியவை மலிவு விலைக்கு வந்தன. பண்ணைக்காரர்கள் மான் வேட்டைக்கு வாங்கினார்கள். காட்டில் நாள் முழுவதும் தூக்கி நடக்க அது கனம். அதனால் குழலைத் தாங்கும் மர முன்கட்டையைப் பாதியில் அறுத்தார்கள், குழலின் மர மேல்மூடியைக் கழற்றி எறிந்தார்கள், சிலர் குழலையே குறுக்கினார்கள். இங்கிலாந்தில் பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் நிறுவனம் இப்படி மாற்றி விற்பதைத் தொழிலாகவே நடத்தியது.

அந்தத் துப்பாக்கிகள் இன்று பேரப்பிள்ளைகள் கையில் இருக்கின்றன. பழைய போர்க்கோலத்துக்குத் திருப்புவதா, தாத்தா வெட்டியபடியே விடுவதா? சேகரிப்பாளர்கள் பலருக்கு வெட்டிய துப்பாக்கி என்றாலே மனம் கசக்கிறது. எனக்கு அந்தக் கசப்பில் உடன்பாடு இல்லை. ராணுவத்தில் அது இருந்தது சில ஆண்டுகள். ஒரு குடும்பத்துக்குக் குளிர்கால இறைச்சி தேடித் தந்ததோ பல பத்தாண்டுகள். அந்த இரண்டாம் வாழ்க்கையை அழித்துவிட்டு முதல் வாழ்க்கைக்கு மட்டும் மாலை போடுவது நியாயமாகப் படவில்லை.

ஆனால் எல்லாத் துப்பாக்கிக்கும் இது பொருந்தாது. தாத்தா கதை ஏதும் இல்லாமல் கடையில் வாங்கியது என்றால், முதலில் குழலை அளந்து பாருங்கள். 25.2 அங்குலம் முழுதாக இருந்து, தொலைநோக்கி பொருத்த உடற்பகுதியில் துளை போடாமலும் இருந்தால், போனது மரம் மட்டும்தான். மரத்தைத் தேடிப் பிடிக்கலாம். போல்ட் கைப்பிடியின் எண்ணும் உடற்பகுதியின் எண்ணும் ஒத்துப்போனால் தயங்கவே வேண்டாம், மீட்டெடுங்கள். இரும்பை அறுத்தோ துளைத்தோ இருந்தால் விட்டுவிடுங்கள். செலவு துப்பாக்கியின் விலையைத் தாண்டும், கிடைப்பதும் வெறும் வேடம்.

மாற்று மரத்தைத் திருகி முடுக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. நம்பர் 4-இல் முன்கட்டை பின்முனையில் இறுக்கமாக உட்கார வேண்டும். குழல்வாய்ப் பக்கம் குழலை மெல்ல மேல்நோக்கித் தாங்க வேண்டும். இந்தப் பொருத்தம் பிசகினால் குறி ஓரிடத்தில் நிற்காது. லீ-என்ஃபீல்டு மரவேலை தெரிந்த கைவினைஞரிடம் கொடுப்பதே நல்லது. சுடுவதற்கு முன் அவரே போல்ட் பூட்டையும் சோதித்துத் தரட்டும்.

தாத்தாவின் துப்பாக்கியையே மீட்டெடுத்தால், அறுத்த பழைய கட்டையைத் தூர எறியாதீர்கள். யார் அறுத்தது, எந்தக் காட்டுக்குக் கொண்டுபோனது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, அதனோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் விற்க நேர்ந்தால், மரம் புதிதாக மாற்றியது என்பதை வாங்குபவருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்