வெப்பத்தை அளந்தோம், நேரத்தை மறந்தோம்

விஞ்ஞானக் கல்வியின் பயன் விடை காண்பதில் மட்டுமன்று, வினாவைச் செம்மையாகக் கேட்பதிலும் தங்கியுள்ளது. வெப்பவியலிலே நம் மாணவர் பெரும்பாலுங் கேட்பது, "எவ்வளவு வெப்பநிலை?" என்னும் வினாவையே. "எவ்வளவு நேரத்தில்?" என்னும் வினாவும் அதற்கு நிகரானது என்பது எமது துணிபு. ஆகாயவிமானத்திற் கொண்டுசெல்லப்படும் ஒட்சிசன் உருளை இதற்கு நல்லதொரு சான்றாகும்.

1996 ஆம் ஆண்டு மே 11 ஆந் திகதி, அமெரிக்காவின் மயாமி நகரினின்றும் புறப்பட்ட டீ.சீ. 9 விமானமொன்று, பத்து நிமிடங்களளவிற் புளோரிடாச் சதுப்புநிலத்தில் வீழ்ந்தது. 110 பேர் மாண்டனர். இரசாயன முறையால் ஒட்சிசனைப் பிறப்பிக்குங் கருவிகள் சரக்கறையிலே தீயை மூட்டியமையே காரணம். அவை அமுக்கமேற்றிய வாயுவுருளைகள் அல்ல. ஆயினும், சரக்கறையில் தீயெழுந்தால் ஆங்கிருக்கும் ஒட்சிசன் உருளை என்னாகும் என்னும் வினாவை அவ்விபத்துக் கூர்மையாக்கியது.

வகுப்பறைக் கணக்கு இவ்வினாவுக்கு விரைந்து விடை கூறும். 21 பாகை செல்சியசில், சதுர அங்குலத்துக்கு 1,850 இறாத்தல் அமுக்கமுடைய உருளை, 205 பாகைக்குச் சூடேறின், ஏறக்குறைய 3,000 இறாத்தல் அமுக்கத்தை அடையும். மெய்வாயுவாகிய ஒட்சிசனில் அமுக்கம் இதனினுஞ் சற்று மிகும். கணக்குப் பிழையன்று, ஆனால் அது முடிவு நிலையை மட்டுமே காட்டுகின்றது.

தீயோ முடிவு நிலைக்காகக் காத்திருப்பதில்லை. கதிர்வீசலாலும் மேற்காவுகையாலும் வெப்பம் முதலில் உருளையின் சுவரை அடைகின்றது. சுவர் அதில் ஒரு பங்கைத் தன்னுட் தேக்கி, எஞ்சியதை உள்ளிருக்கும் வாயுவுக்கு ஈகின்றது. சுவரையடுத்த வாயு சூடேறி மேலெழ, குளிர்ந்தது கீழிறங்க, உள்ளே ஓர் ஓட்டம் பிறக்கின்றது. வாயு அடர்ந்திருப்பின் வெப்பத்தை வாங்கும் இவ்வோட்டமும் வலுக்கும். அடர்த்தி குறையின் அது தளரும். ஆகவே சுவரின் வெப்பநிலை ஒன்று, வாயுவின் வெப்பநிலை வேறொன்று. இரண்டுங் கணந்தோறும் மாறுவன.

இவ்வேறுபாட்டிலே உயிர்கள் தங்கியுள்ளன. உருக்குச் சுவர் மிகச் சூடேறின் வலிமை குன்றும். உருளையின் காவற்றட்டோ குறித்ததோர் அமுக்கத்திலேயே உடைந்து வாயுவை வெளிவிடும். பாதி நிரம்பிய உருளை தீயிலகப்பட்டால், அமுக்கம் அவ்வெல்லையை எட்டுமுன்னரே சுவர் மெலிந்து வெடித்தல் கூடும். பாதி நிரம்பியது பாதி அபாயமே என்று எண்ணுவார் ஏமாறுவர். இனி, காவற்றட்டு உரிய வேளையில் உடைந்தாலோ, வெளிப்படும் ஒட்சிசன் தீயை மேலும் வளர்க்கும். வெடித்தலுந் தீது, திறத்தலுந் தீது. உருளை சூடேறுவதைத் தாமதிக்கச் செய்தலே தக்க வழி.

2007 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு வகுத்த விதி இவ்வுண்மையை ஏற்றது. அதன்படி, விமானச் சரக்காகச் செல்லும் ஒட்சிசன் உருளைக்கு வெளியுறையொன்று வேண்டும். அவ்வுறை ஏறக்குறைய 927 பாகைச் சுவாலையை 5 நிமிடங்கள் தாங்குதல் வேண்டும். 205 பாகை வெப்பத்தில் 3 மணி நேரம் இருந்தபின்னும், உள்ளிருக்கும் உருளையின் மேற்பரப்பு 93 பாகையைத் தாண்டலாகாது. தீயடக்கும் வாயுவைச் செலுத்தியபின் சரக்கறையில் நிலவக்கூடிய சராசரி வெப்பநிலையே 205 பாகையென மதிப்பிடப்பட்டது. இவ்விதியிலே நிமிடமும் மணியும் வெப்பநிலையோடு சரியாசனம் பெற்றிருத்தல் காண்க.

"இவை பொறியியலார்க்குரியன, வேண்டிய கணிப்பைக் கணினி செய்யும், பாடசாலைக்கு இதிலென்ன?" என்பாருமுளர். நாம் இதற்கு உடன்படோம். கணினி தனக்கிடப்பட்ட எடுகோளின்வழியே செல்லும். உருளையும் வாயுவும் எப்பொழுதும் ஒரே வெப்பநிலையின என்று எடுத்துக்கொண்டவர்க்கு, மேற்கூறிய அபாயத்தை எக்கணினியும் உணர்த்தாது. எடுகோளை ஐயுறும் பழக்கம் இளமையிலேயே வாய்த்தல் வேண்டும்.

அதற்குப் புதிய கருவி யாதும் வேண்டியதில்லை. கலோரிமானியில் வெந்நீர் வார்த்து, நியூற்றனின் குளிரல் விதியைச் சோதிக்கும் மாணவன், நிமிடந்தோறும் வெப்பநிலையைக் குறிக்கின்றான். வளைகோட்டை வரைந்ததும் பாடம் முடிந்ததென எண்ணுகின்றான். விமானவுருளைக் கணிப்பின் முதற்படி அவ்வளைகோடே என்று அவனுக்கு யார் சொல்வார்? நீரைக் கலக்கியது ஏன்? கலக்காவிடின் வெப்பமானி காட்டுவது எவ்விடத்து வெப்பநிலை? கலோரிமானியின் திணிவு மிகின் வளைகோடு எங்ஙனம் மாறும்? தீயிலகப்பட்ட உருளையினுள்ளே கலக்கி இல்லை என்பதை உணர்ந்தவன், எடுகோளின் எல்லையையும் உணர்ந்தவனாவான்.

ஆசிரியப் பெருமக்கள் ஒரு பாடவேளையையேனும் இவ்வினாக்களுக்கு ஒதுக்குவாராக. விழாக் காணும் இவ்வாண்டிலே நம் மாணவரும் வெப்பமானியோடு மணிக்கூட்டையும் ஒருங்கு நோக்கப் பழகுவாராக.