சாலையோரத்தில் முதல் இடம் யாருக்கு?



கராடியில் ஐ.டி. பார்க் கோபுரங்கள் எழ எழ, நம் சந்துகளில் டெம்போக்களும் பெருகின. காய்கறி, சிலிண்டர், தண்ணீர் கேன், கம்பெனி பார்சல் எல்லாம் அவற்றில்தான் வருகின்றன. நிறுத்த இடமில்லாமல், எஞ்சினை அணைக்காமல் நம் வாசலில் நிற்கின்றன. அந்த டீசல் புகை பதினைந்தாம் மாடிக்குப் போவதில்லை. நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது. போலீஸ் சலான் போட்டால் அதுவும் டிரைவர் தலையில்தான் விழுகிறது.

மகாராஷ்டிர அரசின் 2021ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை, புனே உள்ளிட்ட ஆறு நகரங்களில் வீடுவரை சரக்குக் கொண்டுவரும் வண்டிகளில் 25 சதவீதம் 2025க்குள் மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்று இலக்கு வைத்தது. மானியமும் அறிவித்தது. மானியம் வண்டி வாங்க உதவும். நிறுத்த இடம் தருமா?

2021இல் டெல்லி அரசு சிறிய மின்சாரச் சரக்கு வண்டிகளுக்கு நுழைவுத் தடை நேரத்திலிருந்து விலக்களித்தது. சுமார் 250 சாலைகள் அவற்றுக்குத் திறந்தன. கூடுதலாக ஒரு நடை அடித்தால் வண்டிக் கடனின் தவணைக்கு வழி பிறக்கும். அதே ஆண்டில் அமெரிக்காவின் சான்டா மோனிகா நகரம், சரக்கு இறக்கும் சாலையோர இடங்கள் சிலவற்றைப் புகையில்லா வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கிச் சோதித்தது.

ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் இந்தக் கணக்கு பழையது. வேகனைக் காலி செய்ய இலவச நேரம் உண்டு. தாண்டினால் டெமரேஜ் கட்ட வேண்டும். அதனால்தான் அடுத்த வேகனுக்கு இடம் கிடைக்கிறது. சாலையோரத்துக்கும் இது பொருந்தும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இட்லி வண்டி, பூக்கூடை, இஸ்திரி வண்டி வைத்துப் பிழைக்கும் நம்மவர்களின் இடமும் அந்தச் சாலையோரம்தான். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை அவர்களை அகற்றக் கூடாது என்கிறது 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். மின்சார வண்டியின் பெயரால் அவர்களை விரட்டினால் எதிர்த்து நிற்போம். நாள் முழுதும் அசையாமல் நிற்கும் கார்களிடமிருந்து இடத்தை எடுக்கட்டும்!

மாநகராட்சியிடம் நம் கோரிக்கைகள்:

1. கராடியிலும் சந்தன் நகரிலும் சரக்கு இறக்கும் இடங்களைக் கோடு போட்டு ஒதுக்கு. அதில் முதல் உரிமை மின்சார வண்டிக்கு. நேர வரம்பு எல்லோருக்கும்.

2. அங்கேயே சார்ஜ் ஏற்றும் வசதி செய்.

3. ஒரே வண்டி வைத்து ஓட்டும் டிரைவருக்கு மின்சார வண்டி வாங்கக் குறைந்த வட்டிக் கடனுக்கு ஏற்பாடு செய். இல்லையேல் ஒதுக்கிய இடமெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கே போய்ச் சேரும்.

இந்தக் கோரிக்கைகளோடு நகர் ரோடு வார்டு ஆபீசுக்குச் செல்வோம். டிரைவர்களும் தெரு வியாபாரிகளும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும். பிரிந்து போனால் இருவரையும் விரட்டுவது எளிது.