தொட்டிப் பாசிக்கு மருந்து வேண்டாம்

பிள்ளைகளுக்காகப் புதிதாக மீன் தொட்டி வைக்கும் விவசாயி, இரண்டு வாரத்தில் தண்ணீர் பச்சையானதும் பாசி மருந்து தேடுகிறார். அந்தச் செலவு வீண் என்பதே என் கருத்து.

வயலில் பயிர் அடர்ந்தால் களை அடங்கும். தொட்டியிலும் அதே கணக்குதான். மீன் கழிவும் மிஞ்சிய தீனியுமே பாசிக்கு உரம். ஏரியில் கிடைக்கும் வேலம்பாசியை நன்கு அலசி அடர்த்தியாக நட்டால், அந்த உரத்தை அது முந்திக்கொள்ளும். பெயரில் பாசி இருந்தாலும் அது செடியே.

தொட்டியில் நேர் வெயில் படக்கூடாது. விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். 2 நிமிடத்தில் தின்று தீரும் அளவே தீனி இடவும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றவும். எடுத்த நீர் கத்தரிக்கு நல்லது. மரக்காணம் பக்கத்தில் உப்புக் கரிக்கும் கிணற்று நீரைத் தவிர்க்கவும். புதுத் தொட்டி நிலைக்க 4 முதல் 6 வாரமாகும். அதுவரை மீன் குறைவாக இருக்கட்டும்.

கடையில் வாங்கிய செடி மிஞ்சினால் ஏரியில் எறியாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை மூடியது போதாதா? எருக்குழியில் போடுங்கள், உரமாகட்டும்.