முப்பது மணி நேரத்தை விலைக்கு வாங்காதீர்கள்!

இளைஞர்களே!

இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் நேரத்தில் கல்லூரி அலுவலகம் உங்கள் கையில் ஒரு கடிதத்தைக் கொடுக்கிறது. இவர் எங்கள் மாணவர், இவருக்குத் தங்கள் நிறுவனத்தில் பயிற்சி அளித்து உதவ வேண்டும் என்று அதில் இருக்கும். முதல்வரின் கையெழுத்து இருக்கும். முத்திரை இருக்கும். பெறுநர் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கும். அதை நிரப்புவது உங்கள் பொறுப்பு!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், கூடுவாஞ்சேரிப் பிள்ளைகளின் கடிதத்தில் அந்த இடம் எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். மாமா வங்கியில் மேலாளராக இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் நிரம்பிவிடுகிறது. அப்பா தாம்பரம் மெப்ஸ் வளாகத்தில் ஏதாவது ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாலும் கவலையில்லை. நம் சமுதாயத்துப் பிள்ளையின் நிலை என்ன? அப்பாவுக்குப் பழக்கடை. அண்ணன் ஷார்ஜாவில் டிரைவர். அவனுக்குத் தெரிந்த ‘ஆபீஸ்’ எது? பத்து நாள் ஜி.எஸ்.டி. சாலையில் வெயிலில் அலைகிறான். கேட்டில் நிற்கும் காவலாளியைத் தாண்ட முடியவில்லை. பதினோராவது நாள் நண்பன் ஒருவன் வழி சொல்கிறான்: “ஏன்டா அலையுறே? காசு கொடுத்தா சர்டிபிகேட் கிடைக்கும்.”

கிடைக்கத்தான் செய்கிறது. லெட்டர்பேடு, தேதி, சீல், கூடவே முப்பது பக்க ‘ரிப்போர்ட்’. போன வருடம் வேறொருவன் பெயரில் இருந்த அதே ரிப்போர்ட்!

இதில் பாவம், புண்ணியம் பேச நாம் வரவில்லை. நஷ்டக் கணக்கை மட்டும் சொல்கிறோம். வேலைக்கான நேர்முகத்தில் எதிரே இருப்பவர் உங்கள் சான்றிதழை எடுத்துப் பார்த்துவிட்டு, “அங்கே தினமும் என்னப்பா செய்தாய்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். இரண்டு நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும். அதன்பின் அந்தக் கோப்பில் இருக்கும் உண்மையான மதிப்பெண் சான்றிதழையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இவ்வளவுக்கும் பாடத்திட்டம் கேட்பது என்ன? தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் வகுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில் கலை, அறிவியல் பட்டப்படிப்புக்கு இரண்டாம் ஆண்டு கோடை விடுமுறையில் 30 மணி நேரப் பயிற்சி. அதற்கு ஐந்தாம் பருவத்தில் 2 கிரெடிட். அவ்வளவுதான்! நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஆறு நாள் வேலை. பி.காம். கார்ப்பரேட் செகரட்டரிஷிப் போன்ற படிப்புகளில் நிறுவனப் பயிற்சி நெடுங்காலமாகவே உண்டு. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி பொறியியல் மாணவருக்கு 2 வாரத்துக்கு 1 கிரெடிட், 4 வாரத்துக்கு 2, 6 வாரத்துக்கு 3. பாலிடெக்னிக்கில் சாண்ட்விச் டிப்ளமோ படிப்பவர்களோ மூன்றரை வருடத்தில் இரண்டு பருவத்தைத் தொழிற்சாலையிலேயே கழிக்கிறார்கள். இந்த ஏணியில் மிகக் குட்டையான படி பி.காம்., பி.ஏ. மாணவருடையது. அதையும் காசு கொடுத்துத் தாண்டப் பார்க்கிறோம்!

நமக்கு இது ஏன் மற்றவர்களைவிட முக்கியம்? 2006-ல் வந்த நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழு அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். இந்த நாட்டு முஸ்லிம்களில் சுயதொழில் செய்வோரின் பங்கு மற்றவர்களைவிட அதிகம், மாதச் சம்பள வேலையில் இருப்போரின் பங்கு குறைவு என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் 2007-ல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீடு நம் பிள்ளையைக் கல்லூரி வகுப்பறைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தது. போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் வகுப்பறையிலிருந்து தனியார் அலுவலகத்துக்குப் போகும் வழியில் எந்த அரசாணையும் துணைக்கு வராது. அங்கே வேண்டியது அறிமுகம். உள்ளே இருக்கும் ஒரு மனிதர், “இந்தப் பையன் வேலை தெரிந்தவன்” என்று சொல்ல வேண்டும். படிக்கும் காலத்தில் அப்படிச் சொல்லக்கூடிய ஒருவரைச் சம்பாதித்துக்கொள்ளக் கிடைக்கும் வாய்ப்புதான் இந்த இண்டர்ன்ஷிப். சம்பள வேலையில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த மனிதர் வீட்டிலேயே இருக்கிறார். நம் பிள்ளை வெளியே போய்த்தான் தேட வேண்டும்.

இனி, வணிகப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. இல்லை, பல வார்த்தைகள்.

வேலையிடத்தில் வைத்துப் பழக்குவது நமக்குப் புதிதா? காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் மீசை முளைக்காத பையன்களைச் சென்னைக்கும் கொழும்புக்கும் மலேயாவுக்கும் கப்பலேற்றி அனுப்பிய சமுதாயம் இது. முதலில் கடை கூட்டுவது, பிறகு சரக்குப் பிரிப்பது, பிறகு வாடிக்கையாளரிடம் பேசுவது, அதன்பின் சிட்டை எழுதுவது, கடைசியில் கல்லாவில் உட்காருவது. ஒவ்வொரு படியிலும் முதலாளியின் கண் அவன் மேல் இருந்தது. பெரியமேட்டில் தோலைக் கையால் தடவியே தரம் பிரிக்கும் பெரியவர் எந்தக் கல்லூரியில் அதைப் படித்தார்? அவருக்கு ஒருவர் அருகில் நின்று கற்றுக்கொடுத்தார். இன்று கல்லூரிகள் ஆங்கிலப் பெயர் வைத்துப் பாடமாக்கியிருப்பதில் பாதி, உங்கள் தந்தைமார் கடையில் நடந்ததுதான்.

அப்படிப்பட்ட உங்களிடம் நம் பிள்ளை அந்தக் கடிதத்தோடு வந்து நின்றால் என்ன சொல்கிறீர்கள்? “நம்மகிட்ட என்ன தம்பி இருக்கு, பெரிய கம்பெனியாப் பாரு.” இதுதானே பதில்?

உங்களிடம் என்ன இல்லை? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது முதல் மாதந்தோறும் ரிட்டர்ன் போடுகிறீர்கள். கொள்முதல் பில்லும் விற்பனைப் பில்லும் பொருந்துகிறதா என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார். டேலியில் ஏற்றுகிறார். இறக்குமதி செய்பவராக இருந்தால் பில் ஆஃப் லேடிங், சுங்கத் தீர்வை எல்லாம் உங்கள் மேஜையில் இருக்கின்றன. பி.காம். மாணவன் மூன்று வருடம் புத்தகத்தில் படித்தவை இவைதான். அவனை ஆறு நாள் உங்கள் கணக்கர் பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன குறைந்துவிடும்? நாகல்கேணியில் தோல் தொழிற்சாலை வைத்திருப்பவர் வேதியியல் மாணவனுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் காட்டலாமே! குரோம் லெதர் கம்பெனியின் பெயரால் குரோம்பேட்டை என்றே ஓர் ஊர் உருவான பகுதி இது. இங்கே தோலைப் பற்றி அறியாத அறிவியல் பட்டதாரி உருவாகிறான் என்றால் அது யாருக்கு இழுக்கு?

“கணக்கை வெளியாளுக்குக் காட்டுவதா?” என்று தயங்குகிறீர்கள். நியாயம்தான். பழைய வருடக் கணக்கைக் கொடுங்கள். விலை, வாடிக்கையாளர் பெயர் தெரியக் கூடாதென்றால் மறைத்துக் கொடுங்கள். வேலை முறையைத்தான் அவன் கற்க வேண்டும், உங்கள் லாபத்தை அல்ல.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறோம். பெருநாள் வியாபார நெரிசலில் சம்பளமில்லாத சேல்ஸ்மேன் கிடைத்தான் என்று நினைத்துப் பயிற்சி மாணவனை மூட்டை தூக்கவும் டீ வாங்கவும் அனுப்பினால் அது பயிற்சியாகாது. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் கூலி கொடுத்து வையுங்கள். பயிற்சி என்றால் யாராவது ஒருவர், பெயர் சொல்லி, “இவனுக்கு நான் பொறுப்பு” என்று நிற்க வேண்டும். காலையில் என்ன செய்யச் சொன்னார், மாலையில் அதைப் பார்த்து என்ன திருத்தினார் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். மேற்பார்வை என்று பாடத்திட்டம் சொல்வது இதைத்தான்.

மேற்பார்வை என்றால் என்ன என்பதற்கு இதே குரோம்பேட்டையில் ஒரு வரலாறு உண்டு. 1949-ல் சி.ராஜம் நிறுவிய எம்.ஐ.டி.யில் 1950களில் ராமேசுவரத்துப் பையன் ஒருவர் சேர்ந்தார். சேர்க்கைக் கட்டணத்துக்காக அவருடைய அக்கா ஜொஹரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அவர்தான் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். கடைசிக் கட்டத்தில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு போர் விமானத்தின் வடிவமைப்பைச் செய்ய வேண்டியிருந்தது. வேலை மந்தமாகப் போவதைப் பார்த்த பேராசிரியர் ஸ்ரீனிவாசன், இவர் ஒரு மாதம் அவகாசம் கேட்டபோது மூன்று நாள்தான் கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். இரவெல்லாம் வரைபலகை முன் நின்று முடித்தார் கலாம். அந்த நாட்களில் அறைக்கே வந்து வேலையைப் பார்த்துப் போனார் பேராசிரியர். அதன்பின் பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் பயிற்சியாளராகச் சேர்ந்து, விமான எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் குழுவில் கைகளில் எண்ணெய் படிய வேலை கற்றார். ராக்கெட்டெல்லாம் பிறகு வந்தவை. கலாம் படத்தை மாட்டி வைப்பதில் நாம் குறை வைப்பதில்லை. அந்தப் பேராசிரியரைப் போல மாணவன் பக்கத்தில் வந்து நிற்கும் வழிகாட்டி ஆசிரியர்களைத்தான் கல்லூரிகளிடம் கேட்டுப் பெற வேண்டும். பயிற்சி நடக்கும் இடத்துக்கு ஆசிரியர் ஒரு தடவையாவது நேரில் வந்தால் விலைக்கு வாங்கிய சான்றிதழ் எப்படி நிற்கும்? வண்டலூர் கிரசென்ட், சோழிங்கநல்லூர் முகமது சதக் போன்ற நம்மவர் நிறுவனங்களுக்கு அண்டை அயலில் உள்ள தொழிலதிபர்கள் பட்டியலைத் திரட்டிக் கொடுக்க நம் வணிகர் சங்கங்கள் முன்வரலாமே.

சட்டம் பற்றி வணிகர்களுக்கு இருக்கும் அச்சத்துக்கும் பதில் சொல்லிவிடுவோம். மாணவனின் குறுகிய காலப் பயிற்சிக்குக் கல்லூரிக் கடிதமே ஆதாரம். படிப்பு முடிந்தபின் ஒரு வருடம் வைத்துப் பழக்க நினைத்தால் அதற்கு 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. அதன்படி பழகுநர் ‘பயிற்சி பெறுபவர்’, தொழிலாளி என்ற கணக்கில் வரமாட்டார். 2019-ல் திருத்திய விதிகளின்படி 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் பழகுநரை எடுத்தே ஆக வேண்டும். 4 பேர் இருக்கும் கடைகூட விரும்பினால் எடுக்கலாம். பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று அந்த விதிகள் வைத்தன. ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கும் ஏற்பாடும் உண்டு. தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் எங்கோ டெல்லியில் இல்லை, நம் தரமணியில்தான் இருக்கிறது. எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

பிரதமர் பெயரில் 2024 அக்டோபரில் தொடங்கிய இண்டர்ன்ஷிப் திட்டத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களும் இருக்கிறார்கள். முழுநேரக் கல்லூரிப் படிப்பில் இருப்பவருக்கு அதில் இடமில்லை என்பதே தொடங்கியபோது வந்த விதி. கல்லூரிப் பாடத்துக்கான பயிற்சி வேறு, அது வேறு. குழப்பிக்கொண்டு விடுமுறையை வீணாக்காதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தத் தலையங்கம் பாதிதான். கல்லூரி வரை அனுப்பிய பெற்றோர் ‘கம்பெனிக்கா?’ என்றதும் நின்றுவிடுகிறார்கள். விளைவு, சான்றிதழ் வாங்குவோரில் நல்ல மதிப்பெண் எடுக்கும் நம் பெண்களும் இருக்கிறார்கள்! அச்சம் இருந்தால் முதல் நாள் தந்தையோ அண்ணனோ கூடப் போய் இடத்தைப் பார்த்து வரட்டும். வேலையிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெறுபவரையும் சேர்த்தே பாதுகாக்கிறது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய இடமென்றால் மாவட்ட அளவில் குழு உண்டு. “உங்கள் நிறுவனத்தில் குழு இருக்கிறதா?” என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. ஹிஜாப், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் போன்றவற்றையும் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலான இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். மூன்றாம் நாள் சொல்லாமல் எழுந்து போனால்தான் பிரச்சினை.

மாணவர்களுக்கு இன்னும் சில. பயிற்சி தருகிறோம், இவ்வளவு ரூபாய் கட்டு என்று கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள். உங்கள் உழைப்பையும் கொடுத்துக் காசையும் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்றன்று செய்த வேலை, கேட்ட கேள்வி, செய்த தப்பு, அதைத் திருத்தியவர் பெயர் ஆகியவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள். ரிப்போர்ட் எழுத அதுவே போதும். நேர்முகத்தில் “தினமும் என்ன செய்தாய்?” என்று கேட்கும்போது நீங்கள் சொல்ல வேண்டியதும் அதில் இருக்கும். பயிற்சி முடிந்த பின்னும் பெருநாளைக்கோ தீபாவளிக்கோ அந்த மேற்பார்வையாளருக்கு ஒரு வாழ்த்துச் சொல்லுங்கள். வேலைக்கு விண்ணப்பம் போடும் நாளில் அவர் பெயரை எழுத உரிமை வேண்டாமா?

தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஒரு வேலை செய்யலாம். ஏப்ரல் மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின், தம் கடையில், ஆபீஸில், தொழிற்சாலையில் எத்தனை மாணவருக்கு எந்தத் துறையில் இடம் தர முடியும் என்று வணிகர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கடைக்கு ஒருவர் என்றாலும் போதும். காலியாக இருக்கும் அந்தப் ‘பெறுநர்’ என்ற இடத்தில் எழுத, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் கிடைக்கும்.