ஆலைக்குச் சட்டம் உண்டு, கிணற்றுக்கு?

கோடை முற்றிக் கிணற்று நீர் தாழ்ந்துவிட்டால் நம் கமக்காரர் செய்வது யாது? நீரிறைக்கும் இயந்திரத்தைக் கயிற்றிலே கட்டிக் கிணற்றினுள் இறக்குகின்றனர். ஏறக்குறைய 25 அடிக்குக் கீழுள்ள நீரைத் தரையில் நின்று உறிஞ்சச் சாதாரண இயந்திரத்தால் இயலாது. ஆதலின் அவர்கள் செய்கையில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடும் அவ்வியந்திரம் கக்கும் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு கலந்திருக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இயந்திரத்தைப் பார்க்க இறங்கும் கூலியாள் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க இறங்குபவனும் விழுகிறான். காக்கப் போனவனையும் சேர்த்துப் பலிகொள்வதே இவ்விபத்தின் கொடிய இயல்பு.

இதனை விதி என்று சொல்லிவிட்டு எட்டுச் செலவோடு மறந்துவிடலாமா? விதியென்றால் ஆலைக்குள் வேலை செய்பவனுக்கு மட்டும் அது வேறாக எழுதப்பட்டது எங்ஙனம்?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். நச்சுப் புகை தங்கக்கூடிய தாங்கியிலோ குழியிலோ ஒருவன் புகுவதானால் அதற்கென முன்னேற்பாடுகள் வேண்டும் என்கிறது அச்சட்டம். இடுப்பு வார், கயிறு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி வெளியே காத்து நிற்க ஓர் ஆள். எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்து எழுதிய உண்மை இது. ஆனால் அது தொழிற்சாலை மதிலோடு நின்றுவிட்டது. தோட்டக் கிணற்றை எட்டிப் பார்க்கும் பரிசோதகர் எவருமில்லை. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலேயே பிறந்தது என்று சிலர் நினைவூட்டக்கூடும். செத்தவனுக்கு விலை குறிக்கும் சட்டம் முன்னே வந்தது. சாகாமற் காக்கும் சட்டம் கிணற்றடிக்கு இன்னும் வரவில்லை!

“எங்கள் பாட்டன் காலத்திலிருந்து விளக்கை இறக்கிப் பார்த்தே இறங்குகிறோம்” என்பர் கமக்காரர். பாட்டன் காலத்தில் துலா இருந்தது, இயந்திரம் இருந்ததா? கீழே பிராணவாயு குறைந்தால் விளக்கு அணையும், உண்மை. காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும் அளவில் நிறைந்திருக்கும்போதும் அவ்விளக்கு சுடர்விட்டு எரியும். மூக்கிலே கட்டும் ஈரத்துண்டும் அவ்வாயுவைத் தடுக்காது. பழைய அனுபவம் போதாது, பயிற்சி வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேதான். வெறும் மேலோடு காற்றுக்கு எதிரே நின்று பூச்சிமருந்து தெளிப்பவனுக்கும், தோல்வழியாகவும் நஞ்சு ஏறும் என்று யாராவது சொல்லத்தானே வேண்டும்?

தொழில் பாதுகாப்புப் பயிற்சிக்கென 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் ஒரு தேசிய நிறுவகமே அமைக்கப்பட்டது. நன்று. அதன் பயிற்சி கமநல சேவை நிலையத்தின் வாயிலுக்கு வரட்டும். கூலியாளுக்கு விளங்கும் தமிழில் வரட்டும். கொழும்பு மண்டபங்களில் நடக்கும் கருத்தரங்கு கிணற்றடிக்குக் கேட்பதில்லை.

அரசாங்கத்தை மட்டும் நோவதும் முறையன்று. முதுசக் காணியைப் பார்க்க ஆண்டுக்கு இருமுறை வந்து, கிணற்றில் சேறு வாரக் கூலி பேசிவிட்டுப் போகும் வழக்கறிஞரே, வைத்தியரே, பொறியியலாளரே! கூலி கொடுக்கும் அக்கணத்தில் நீங்களும் முதலாளிகளே. புகையின் நஞ்சை உங்களைவிட நன்கறிந்தவர் யார்? அறிந்தும் வாய்திறவாதிருப்பது எந்த நீதி?

சட்டத்தைத் திருத்திக் கிணற்றையும் தோட்டத்தையும் அதனுள் அடக்குதல் பாராளுமன்றத்தின் பொறுப்பு. அதற்குக் காத்திராமல் ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் தன் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானிக்கட்டும்: எரிபொருளில் ஓடும் இயந்திரம் கிணற்றினுள் இறங்கலாகாது, நீர் ஆழமாயின் மின்சாரத்தில் இயங்கும் நீர்மூழ்கிப் பம்பியையே இறக்கவேண்டும், இடுப்பில் வாரும், மேலே கயிறு பிடிக்க ஆளும் இல்லாமல் எவரும் இறக்கப்படலாகாது. வாரையும் கயிற்றையும் அமைப்பே வாங்கி வைத்து, கேட்பவர்க்கு இரவல் கொடுக்கட்டும்.