உலகில் ஓர் ஊர்: கணவரைத் தோளில் சுமந்த பெண்கள்



"உடனே வெளியேறுங்கள், தூக்கக்கூடியதை மட்டும் எடுங்கள்" என்றால் எதை எடுப்போம்? எங்களில் பலருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்ச அரிசி என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருக்கிறது. ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு முகம் கொடுத்த பெண்களின் ஊரைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

ஜேர்மனியின் தெற்கே, ஹைல்பிரொன் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது வைன்ஸ்பேர்க். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். சுமார் 12,000 பேர் வாழும் சிறிய ஊர். ஊருக்கு மேலே ஒரு குன்று, அதன் உச்சியில் இடிந்த கோட்டை ஒன்று.

1140ஆம் ஆண்டு மூன்றாம் கொன்ராட் மன்னன் தன் எதிரியான வெல்ஃப் பிரபுவுக்குச் சொந்தமான அந்தக் கோட்டையை முற்றுகையிட்டான். டிசம்பர் மாதக் குளிரில் கோட்டை பணிந்தது. பெண்கள் மட்டும் வெளியேறலாம், ஒவ்வொருத்தியும் தன் தோளில் சுமக்கக்கூடியதை எடுத்துச் செல்லலாம் என்று மன்னன் அனுமதி கொடுத்தான். பெண்கள் நகையையும் துணியையும் விட்டுவிட்டுத் தங்கள் கணவர்மாரைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கினார்கள். மன்னனின் அண்ணன் ஃபிரீட்ரிக் இதற்கு உடன்படவில்லை. ஆனால் கொடுத்த வாக்கை மன்னன் மாற்றுவது அழகல்ல என்று கொன்ராட் அவர்களைப் போகவிட்டான்.

சுமார் 30 ஆண்டுகளுக்குப் பின் கொலோன் நகரில் எழுதப்பட்ட அரச வரலாற்றில் இந்தச் செய்தி இருக்கிறது. இப்படியே நடந்ததா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வைன்ஸ்பேர்க் மக்களுக்கு அதில் சந்தேகமில்லை. கோட்டைக்கே 'வைபர்ட்ரொய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண்களின் பற்றுறுதி என்பது அதன் பொருள்.

ஆனால் போர் அந்த ஊரை விட்டுவிடவில்லை. 1525இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது உயிர்த்த ஞாயிறன்று கோட்டையைப் பிடித்தார்கள். அங்கிருந்த ஹெல்ஃபென்ஸ்டைன் பிரபுவின் மனைவி மார்கரெத்தே கணவனின் உயிருக்காக மன்றாடினாள். அன்று யாரும் இரங்கவில்லை. அவள் கண் முன்னே அவனைக் கொன்றார்கள். அடுத்த மாதம் பிரபுக்களின் படை பழிவாங்க வந்து ஊர் முழுவதையும் கொளுத்தியது. கொலையில் பங்கெடுக்காத குடும்பங்களும் வீடிழந்தன.

கோட்டை இடிந்தபடியே கிடந்தது. 1819இல் யுஸ்டினுஸ் கேர்னர் என்ற வைத்தியர் ஊருக்கு வந்தார். அவர் கவிஞரும்கூட. கோட்டைக் கற்களை ஆட்கள் வீடு கட்ட எடுத்துச் செல்வதைப் பார்த்தார். 1820களில் அவருடைய முயற்சியால் ஒரு பெண்கள் சங்கம் உருவானது. கோட்டையின் சிறு கற்களை மோதிரங்களில் பதித்து விற்றுப் பணம் சேர்த்தார்கள். பாதை போட்டார்கள், சுவர்களைத் திருத்தினார்கள். வூர்ட்டெம்பேர்க் மன்னர் கோட்டையை அந்தச் சங்கத்தின் பொறுப்பிலேயே விட்டார். அந்தச் சங்கத்தின் வழிவந்த அமைப்புத்தான் இன்றும் கோட்டையைப் பராமரிக்கிறது.

1945 ஏப்ரல் 12ஆம் திகதி அமெரிக்கப் படை நெருங்கியபோது நடந்த தாக்குதலில் பழைய ஊரின் பெரும்பகுதி எரிந்தது. இன்னும் 26 நாள் பொறுத்திருந்தால் ஜேர்மனியில் போர் முடிந்திருக்கும். நாடெங்கும் ஆண்கள் இறந்தும், காணாமற்போயும், சிறைப்பட்டும் இருந்தார்கள். சோவியத் நாட்டில் இருந்த கடைசிக் கைதிகளில் பலர் 1955இல்தான் வீடு திரும்பினார்கள். அதுவரை எத்தனையோ பெண்கள் வாசலைப் பார்த்தபடியே பிள்ளைகளை வளர்த்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், சகோதரிகளே. அந்தப் பழைய வரலாறு மன்னனின் பெயரைச் சொல்கிறது, அண்ணனின் பெயரைச் சொல்கிறது. தோளில் சுமந்த பெண்களின் பெயர்களைச் சொல்லவில்லை. ஊரே அவர்களைப் புகழ்ந்தது. ஆனால் ஜேர்மன் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1918இல்தான். ஆணும் பெண்ணும் சமம் என்று நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் எழுதப்பட்டது 1949இல்தான். புகழ் முதலில் வந்தது. உரிமை வர 800 ஆண்டுகள் எடுத்தன.

இன்று வைன்ஸ்பேர்க்கில் பெண்களும் ஆண்களும் சேர்ந்து வாக்களித்து 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை நகர முதல்வரையும், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை நகர சபையையும் தெரிவு செய்கிறார்கள். பாதையா, பாலர் பாடசாலையா, எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது என்பதை அந்தச் சபை பேசி முடிவெடுக்கிறது.

"நீ பொறுமைசாலி, குடும்பத்தைத் தாங்கினாய்" என்று எங்களையும் புகழ்கிறார்கள். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. அதோடு நின்றுவிடக் கூடாது. உங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடியும்போது அறிக்கைப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். கிணறு திருத்தியது யார், கடிதம் எழுதியது யார், கச்சேரிக்கு நடந்தது யார் என்று பெயர் பெயராக எழுதச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத அக்காவின் பெயரையும் விடாதீர்கள். சுமந்தவர் யார் என்பது எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த இதழில் இன்னோர் ஊரில் சந்திப்போம்.