சுங்குவார்சத்திரம் படித்த கதை

எங்கள் ஏரியாவில் படிப்பு வராத பையன்களுக்கு எதிராக ஊர்ப் பெயர்களே கூட்டுச் சதி செய்திருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம்! எம்.ஏ. தமிழ் படித்தவரே நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கித்தான் ஆகவேண்டும். நல்லவேளை, நான் வேலை பார்ப்பது ஒரகடத்தில். கொம்பு கிடையாது, கால் கிடையாது. சாதுவான ஊர்.

2022 ஜூன். என் வீட்டுக்காரி 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அதில் பாதி, பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கியே கரைந்துவிடும். சாயந்திரம் ஆபீஸ் விட்டு வந்து "டீ..." என்று ஆரம்பித்தால், "உஷ்! வகுப்பு நடக்குது" என்று பதில் வரும்.

அந்த வகுப்பில் எதிர்வீட்டுப் பையன் ஒருத்தன். அஞ்சாங் கிளாஸ். (பெயர் வேண்டாம். காரணம் கடைசியில்.) புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எக்ஸ்பிரஸ் மாதிரி படிப்பான். எனக்கே பொறாமையாக இருந்தது. ஒருநாள் பின்னால் போய் நின்று பார்த்தேன். வாய் ஒரு பாடம் சொல்கிறது, கையில் திறந்திருப்பது வேறு பாடம்! நடுவில் ஒரு வார்த்தையில் விரலை வைத்து, "இது என்னடா?" என்றேன். பையன் வானத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியபோது அவன் ரெண்டாவது. ஒண்ணு முதல் எட்டு வரை வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பரில். ரெண்டாங் கிளாஸில் வீட்டுக்குப் போனவன், நேராக நாலாங் கிளாஸுக்குத் திரும்பி வந்தான். மூணாவதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அவன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. காண்டிராக்டில் ஒரு கம்பெனிக்குப் போகிறவர். அதிகாலை அஞ்சரைக்கு ஸ்டாப்பில் வரிசையாகக் கம்பெனி பஸ்கள் வரும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பிள்ளையார் ஸ்டிக்கர்தான் அவருக்கு அடையாளம். ஒருநாள் அந்த பஸ் ரிப்பேர். பிள்ளையார் இல்லாத மாற்று வண்டிகளாக வந்தன. "என்னடா எழுதியிருக்கு?" என்று துணைக்கு வந்த பையனைக் கேட்டார். பயல் அசராமல், "நம்ம பஸ்தாம்மா, ஏறு" என்றான்.

வாலாஜாபாத்தில் இறங்கித் திரும்பி வந்தார் அம்மா. ஒருநாள் சம்பளம் போச்சு. அதோடு அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. அவர் பையனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரியிடம் வந்து, "அக்கா, எனக்குப் படிக்க வராதுக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

நான் உடனே வைத்தியம் சொன்னேன்: "நூறு தடவை இம்போஸிஷன் எழுதச் சொல்லு. தானா வரும்."

என் சகதர்மிணி பதிலே பேசவில்லை. பக்கத்து போர்ஷனில் தங்கியிருக்கும் ஒடிசா பையன்களிடம் ஒரு காலண்டரை வாங்கிவந்து என் மடியில் போட்டாள். முழுக்க ஒடியா. "இந்த வரியைப் படிங்க."

"தெரியாதே."

"நூறு தடவை எழுதுங்க. தானா வரும்."

அன்றைக்கும் டீ கிடைக்கவில்லை.

அப்புறம் அவளே விளக்கினாள். நம் தமிழில் 247 எழுத்து. 'பெ'யில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாய் முதலில் சொல்லவேண்டியது 'ப்'. ஒரே 'க' காஞ்சிபுரத்தில் ஒரு மாதிரி, ஒரகடத்தில் வேறு மாதிரி. இதையெல்லாம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டிய வயசில் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. இப்போது அஞ்சாவது புத்தகத்தைக் கொடுத்தால் அவன் ஒப்பிக்காமல் என்ன செய்வான்? எந்தக் கிளாஸ் என்று பார்க்காதே, எந்தப் படியில் நிற்கிறான் என்று பார். எழுத்தா, வார்த்தையா, வாக்கியமா? அங்கேயிருந்து தொடங்கு. 'பிரதம்' அமைப்பு பல வருஷமாகச் செய்வது இதைத்தான். அவர்களோடு சேர்ந்து இந்த முறையைச் சோதித்துப் பார்த்த அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2019-ல் நோபல் பரிசே வாங்கினார்கள். (பானர்ஜி வீட்டில் டீ கிடைத்ததா தெரியவில்லை.)

அந்த ஜூனில்தான் அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' ஆரம்பித்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை மூன்று நிலையாகப் பிரித்தார்கள். ஆனால் அது மூணாவது வரைக்கும்தான். நம்மாளு ரெண்டு வருஷம் லேட். அதனால் என் வீட்டுக்காரி சொந்தமாக ஒரு சிலபஸ் போட்டாள், பஸ் போர்டு சிலபஸ். அரும்பு: வல்லம், ஒரகடம். மொட்டு: மாத்தூர், படப்பை. மலர்: அந்தச் சதிகாரர்கள் மூவர். தினம் அரை மணி. அட்டை எழுதும் குமாஸ்தா வேலை எனக்கு.

மூன்று மாதம் போயிற்று. ஒரு விடிகாலை, அதே ஸ்டாப். நானும் நிற்கிறேன். பிள்ளையார் இல்லாத ஒரு பஸ் வந்து நின்றது. பையன் முன்னால் போய்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தை அண்ணாந்து பார்த்தான்.

"சு...ங்...கு..."

டிரைவர் ஹாரன் அடித்தார். "ஏறும்மா, லேட்டாவுது!"

"இருங்கண்ணே. புள்ள படிக்கிறான்."

"...வா...ர்...ச...த்..."

ஜன்னல் வழியே பத்துத் தலை எட்டிப் பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை. டிரைவர்கூட ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"...தி...ர...ம்! சுங்குவார்சத்திரம்!" என்று கத்தினான். அப்புறம் திரும்பி, "அம்மா, இது நம்ம பஸ் இல்ல!"

டிரைவர் சொன்னதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கார்த்திக் முரளிதரன் முதலான ஆராய்ச்சியாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். கொரோனாவில் விட்டதில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டதாம். அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்கிறார்கள். ஆக, என் டீ வீண் போகவில்லை. திரும்பாத பாக்கி ஒரு பங்கு இருக்கிறதே, அது உங்கள் தெருவிலும் இருக்கும். கடகடவென்று படிக்கிற பையன் யாராவது இருந்தால், நடுவில் ஒரு வார்த்தையில் விரலை வைத்துப் பாருங்கள். வானத்தைப் பார்த்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அரை மணி போதும்.

பெயர் போடாத காரணம்? இப்போது ஹைஸ்கூலில் படிக்கும் அந்தப் பயல், நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் இந்தப் பத்திரிகையை வாங்கிக்கொண்டுபோய்ப் படித்து முடித்துவிடுகிறான்!